டிக்கியில் இரண்டு ஊஃபர்கள்

இருதயராஜ் தன் பழைய காரின் டிக்கியில் பாட்டின் கனத்த ஒலியைத் தரும் ஸ்பீக்கர்களான ஊஃபர்கள் இரண்டை வைத்து, ஆம்ப்ளிஃபயரோடு தானே இணைத்தார். வலது ஊஃபருக்குச் சிவப்பு வயரைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் சரியாக மாட்டினார். இடதுக்கு மாட்டும்போது போன் வந்தது. பேசிக்கொண்டே மாற்றி மாட்டிவிட்டார்.

பாட்டு ஓடியது. வலது காற்றை முன்னே தள்ளும்போதெல்லாம் இடது அதைப் பின்னே இழுத்துக்கொண்டது. இரண்டும் நாள் முழுக்க உழைத்தும் வெளியே ஒரு முனகல்தான் வந்தது.

"அண்ணே, நீ எதிர்ப்பக்கம் இழுக்கிற," என்றது வலது.

"எனக்கு வந்தபடிதான் செய்யறேன் தம்பி. உனக்குத் தெம்பு இல்லன்னா என்மேல ஏன் பாயற?" என்றது இடது.

வலது ஆம்ப்ளிஃபயரிடம் கெஞ்சியது. "சார், எங்க வயரை ஒரு தடவை பாருங்க. இப்படியே போனா கழட்டிப் போட்டுடுவாங்க."

"அனுப்புறது மட்டும்தான்யா என் வேலை. அங்க எப்படி மாட்டியிருக்குன்னு என்னைக் கேக்காத."

வலது இன்னும் பலமாகத் தள்ளியது. இடதும் அதே பலத்தோடு இழுத்தது.

ஞாயிற்றுக்கிழமை இருதயராஜ் பாட்டை ஓடவிட்டு டிக்கியைத் திறந்து, கைக்கு எட்டிய வலது ஊஃபரின் வயரைப் பிடுங்கிப் பார்த்தார். அந்த நொடியே இடது தும் தும்மென்று அதிர்ந்தது. கார்க் கண்ணாடிகள் நடுங்கின.

"இவ்வளவு நாளும் இதுதான் கெடுத்திருக்கு," என்றார்.

வலது பழைய இரும்புக்காரரின் வண்டியில் ஏறியது. தெருமுனை தாண்டும்வரை அந்த அதிர்வு கேட்டுக்கொண்டே இருந்தது. தப்பு தன்மேல்தான் என்று வலதும் நம்பத் தொடங்கியது.