ஏன் எறியலே?

"ஏம்மா நாடீன், உன் பையன் அங்கே காவல் நிக்கிறானா, இல்லே வாங்க வாங்கன்னு பந்தி பரிமாறுறானா?"

பின்வரிசையிலிருந்து லெஸ்டர் கத்தினார். டயர் கடைக்காரர். தொண்டைக்கு ஓய்வு கொடுக்கத் தெரியாத மனுஷன். கத்தியது போதாதென்று கையிலிருந்த மாட்டு மணியை வேறு ஆட்டினார்.

பள்ளிக்கூடப் பையன்களின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம்தான். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் ஊரே அங்கேதான் இருந்தது. ஊர் முன்னால் இப்படி ஏச்சு வாங்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்? நாடீன் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

அவள் போட்டிருந்த கோட்டில் இரண்டு மகன்களின் படமும் குத்தியிருந்தது. பெரியவன் கஸ், மலை மாதிரி உடம்பு, பந்தை எறிபவனை எதிராளிகள் நெருங்காமல் மறிக்கிற காவல் வரிசையில் நிற்பவன். சின்னவன் மைலோ, வெடவெடவென்று இருப்பான். ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிற வேலை அவனுக்கு.

மைதானத்தில் டேரியன் மண்ணோடு மண்ணாகக் கிடந்தான். பந்தை எறிய வேண்டிய க்வார்ட்டர்பேக் அவன்தான். எறிவதற்குள் எதிராளிகள் பாய்ந்து பந்தோடு சேர்த்து அவனைச் சாய்த்துவிட்டார்கள். இன்றைக்கு இது ஐந்தாவது தடவை.

"அஞ்சு தடவை! எல்லாம் உன் கஸ் தயவு!"

"அவன் எவ்வளவு நேரந்தான் மறிப்பான்? அந்த டேரியன் பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஜெபமா பண்றான்? எறியச் சொல்லுங்க!" நாடீனும் விடவில்லை.

"ஒழுங்கா காவல் நின்னா அவன் ஏன் எறிய மாட்டான்?"

"ஒழுங்கா எறிஞ்சா அவன் ஏன் விழப் போறான்?"

பெஞ்சு பெஞ்சாகக் கட்சி பிரிந்தது. பாதிப் பேர் கஸ்ஸைத் திட்டினார்கள், மீதிப் பேர் டேரியனை.

லெஸ்டரையாவது விடலாம். மேல் வரிசையில் நீலத் தொப்பி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். கஸ்ஸைப் பார்க்கவே பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். அவருக்குப் பிடித்துவிட்டால் கஸ் செலவில்லாமல் படிப்பான், இல்லாவிட்டால் மூட்டை தூக்கப் போவான். டேரியன் விழும்போதெல்லாம் அவர் உதட்டைப் பிதுக்கினார்.

நாடீனுக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. நட்டநடுவில் மைலோ தனியாக நின்று கையைக் கையை ஆட்டுகிறான். மறிக்கப் பக்கத்தில் ஒரு ஈ காக்கா கிடையாது. டேரியன் அவனை நேருக்கு நேர் பார்க்கிறான். பார்த்துவிட்டு எறியாமலே அடிவாங்கி விழுகிறான்.

இது வன்மம் இல்லாமல் வேறென்ன? அதனால்தான் சின்னவன் புதன்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அறையிலேயே சுருண்டு கிடந்தான். கேட்டால், "ஒண்ணுமில்லம்மா." உனக்குப் பந்து கிடையாது என்று இந்த டேரியன் பயல் சொல்லியிருப்பான், பிள்ளை மனசு ஒடிந்துவிட்டது.

ஆட்டம் தோல்வியில் முடிந்தது. தன் சாமான்களை வாரிக்கொண்டு போய், பையன்கள் வெளியே வரும் வாசலில் நின்றாள் நாடீன். கோபத்தில் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. முதலில் கஸ் வந்து ஓரமாக நின்றான், பிறகு டேரியன் வந்தான். விலாவில் ஐஸ் பையை அழுத்திப் பிடித்திருந்தான்.

"நில்லுடா. என் வீட்டுல எத்தனை நாள் சாப்பிட்டிருக்கே? கொஞ்சமாவது நன்றி இருக்கா?"

"ஆன்ட்டி..."

"கஸ்ஸை ஊரே கிழிச்சுத் தொங்க விடுது. அந்த நீலத் தொப்பிக்காரர்கிட்டே போய்ச் சொல்லு, தப்பு உன்னோடதுன்னு!"

"ஆட்டம் முடிஞ்சதுமே சொல்லிட்டேன் ஆன்ட்டி. கஸ் நல்லாத்தான் மறிச்சான், பந்தை விடாம வச்சிருந்தது நான்தான்னு சொன்னேன். அடுத்த வாரம் மறுபடி வந்து பாக்குறேன்னாரு."

ஆனாலும் நாடீனுக்கு விட மனசில்லை.

"சரி, மைலோ என்ன பாவம் பண்ணினான்? தனியா நின்னானே, அவனுக்கு ஏன் எறியலே?"

டேரியன் தரையைப் பார்த்தான்.

"யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்னு அவனுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"என்னத்தைச் சொல்ல மாட்டே? சொல்லுடா!"

"புதன்கிழமை பிராக்டிஸ்ல அவனுக்குத் தலையில அடி, ஆன்ட்டி. எழுந்திருச்சு வேற பக்கமா ஓடினான். என்ன கிழமைன்னு எங்கிட்டே கேட்டான். கோச்சுக்குத் தெரிஞ்சா ஆடவிடாம உட்கார வச்சிருவாரு, சொல்லாதேன்னு அழுதான். இன்னிக்கு நடுவுல எறிஞ்சேன்னு வைங்க, அவன் எம்பிப் பிடிப்பான். பிடிச்ச உடனே ரெண்டு தடியனுங்க ஓடி வந்து மோதுவானுங்க. மறுபடி தலையில பட்டா?"

அவன் ஐஸ் பையை விலாவில் இன்னும் அழுத்தினான்.

"அதுக்கு நானே விழுந்துக்கலாம்னு இருந்துட்டேன். சொல்லித்தான் இருக்கணும். பயமா இருந்துச்சு ஆன்ட்டி."

அப்போதுதான் மைலோ வெளியே வந்தான். வெயில் பட்டதும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தான்.

விளக்கணைந்த அந்த அறைக்குள் நாடீன் எத்தனை தடவை எட்டிப் பார்த்தாள்! வருத்தம் தணிந்தால் தானாக வருவான் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தாளே!

ஓடிப்போய் மைலோவைத் தாங்கிப் பிடித்தாள்.

"கஸ்! காரை எடு, ஆஸ்பத்திரிக்கு. டேரியன், நீயும் ஏறு. அந்த விலாவையும் காட்டணும்."

காரை நெருங்கும்போது லெஸ்டர் எதிரே வந்தார். கையில் மணி, முகத்தில் சிரிப்பு.

"என்ன நாடீன், எங்கே ஓடுறே? முடிவைச் சொல்லிட்டுப் போ. அந்தப் பையன் அஞ்சு தடவை விழுந்தானே, யார் மேல தப்பு? அவன் மேலயா, உன் கஸ் மேலயா?"

மைலோவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நாடீன் திரும்பினாள்.

"என் மேல."