பாலத்துக்கு இந்தப் பக்கம்

“அண்ணே, பாலத்துல தண்ணி வடிஞ்சிருச்சா?”

கடைசி சீட்டுப் பெண் காலையிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்டக்டர் அலுத்துக்கொள்ளவில்லை.

“இன்னும் முழங்காலுக்கு மேல ஓடுதும்மா. கவலைப்படாதீங்க, எப்படியும் வடிஞ்சிரும்.”

அவள் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முந்தாநாள் பஸ் பாலத்தைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் ஆறு பாலத்தின் மேலேயே ஏறிவிட்டது. முன்னால் போகலாமென்றால், நெடுஞ்சாலையை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு பக்கமும் ரோட்டை மூடிவிட்டார்கள். எந்த டிப்போவிலிருந்தும் வண்டி கிளம்பவில்லை. அங்கேயும் போக முடியாமல் இங்கேயும் போக முடியாமல், மேட்டில் இருந்த ஒரு பெட்ரோல் பங்க்கில் பஸ் ஒதுங்கி நின்றது.

முன்னால் ரோடு எப்போது சரியாகும் என்று பயணிகள் கண்டக்டரைப் பிடுங்கி எடுத்தார்கள். கடைசி சீட்டுப் பெண் மட்டும், கடைசி ஊருக்கு டிக்கெட் வாங்கியிருந்தும், பின்னால் இருந்த பாலத்தைப் பற்றியே கேட்டாள்.

“பாவம், வீட்டு ஞாபகம் போல,” என்றார் கண்டக்டர்.

டிரைவர் மோவாயைச் சொறிந்தார். “ராத்திரி பாத்தியா? பஸ்ஸே கொட்டக் கொட்ட முழிச்சிக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பொண்ணு மட்டும் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குது.”

“அழுது அழுது அசந்திருக்கும்யா.”

பங்க் அறையில் சார்ஜ் ஏற்றிய போனை எடுத்துப் பார்த்தபோது, கண்டக்டர்கள் குரூப்பில் ஒரு போட்டோ வந்திருந்தது. ‘இவரைக் காணவில்லை. பார்த்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும். கணவர் தவித்துக்கொண்டிருக்கிறார்.’ போட்டோவில் இருந்தது சாட்சாத் கடைசி சீட்டுப் பெண்ணேதான்.

கண்டக்டருக்குக் கை பரபரத்தது. கீழே இருந்த நம்பரை உடனே அழுத்தினார்.

“உங்க வீட்டம்மா என் பஸ்லதாங்க இருக்காங்க. நல்லா இருக்காங்க, பயப்படாதீங்க.”

மறுமுனையில் ஓர் ஆண்பிள்ளை விசும்பும் சத்தம்.

“சார், நீங்க தெய்வம் சார். எங்க சார் இருக்கீங்க?”

“பாலத்துக்கு இந்தப் பக்கம், பெட்ரோல் பங்க்ல. ஆனா தண்ணி ஓடுதுங்களே.”

“நீந்தியாவது வந்துருவேன் சார். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. திடீர்னு அவ முன்னாடி போய் நிக்கணும்.”

போனை வைத்தபோது கண்டக்டருக்குத் தன் மனைவியின் ஞாபகம் வந்தது. ரோட்டை மூடிவிட்டார்கள் என்றதும் அவர் வீட்டில் கேட்ட ஒரே கேள்வி, குடையை எங்கே வைத்தீர்கள் என்பதுதான். இவனானால் ஆற்றையே நீந்துகிறேன் என்கிறான்!

பாலத்தின் மேல் வந்துபோனது நிவாரண டிராக்டர் ஒன்றுதான். ஆட்களை ஏற்றக் கூடாது என்று அக்கரையில் போலீஸ் கறாராக நின்றது. டிராக்டரின் சத்தம் கேட்கும்போதெல்லாம் கடைசி சீட்டுப் பெண் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பாள். அதில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த ஏமாற்றத்தைக் கண்டக்டரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அடுத்த நடைக்குக் கிளம்பிய டிராக்டர்காரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“புருஷன் பொண்டாட்டியைச் சேத்து வைக்கிற விஷயம்யா. அந்தப் பொண்ணோட புருஷன் அக்கரைக்கு வந்து நின்னு போன் பண்றாரு. பிரெட் மூட்டையோட மூட்டையா உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்துரு.”

“மாட்டினா என் லைசென்ஸ் போயிரும்ணே.”

“நான் கேட்டேன்னு சொல்லு. என் வேலை போனா போகட்டும்.”

டிராக்டர்காரன் முனகிக்கொண்டே போனான். கண்டக்டர் டிரைவர் காதில் மட்டும்தான் சொன்னார். ஆனால் டீ ஆறுவதற்குள் விஷயம் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. காலையில் பிஸ்கெட்டுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்ட இரண்டு பேர்கூட ஒரே ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அவளுக்கு மட்டும் தெரியாது.

பாலத்தின் பக்கம் எஞ்சின் சத்தம் கேட்டதும் கண்டக்டர் கடைசி சீட்டுக்கு ஓடினார்.

“வா தங்கச்சி, வா. உனக்கு ஒண்ணு காட்டுறேன்.”

ஒன்றும் புரியாமல் அவர் பின்னாலேயே வந்து படியில் நின்றாள் அவள். சேறு கலந்த தண்ணீரைப் பிளந்துகொண்டு டிராக்டர் வந்தது. மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஓர் ஆள் எழுந்து நின்று கையை ஆட்டினான்.

பஸ்ஸே கைதட்டியது. யாரோ ஒருவர் வீடியோகூட எடுத்தார்.

அவள் படிக்கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் என்றுதான் கண்டக்டர் நினைத்தார்.

“என்ன தங்கச்சி, நம்ப முடியலையா? நீ ஏங்குறதைப் பாக்க முடியாம அண்ணன்தான் வரவச்சேன்.”

டிராக்டர் நிற்பதற்குள் அவன் குதித்துவிட்டான். கணுக்கால் சேற்றில் சளக் சளக்கென்று பஸ்ஸை நோக்கி நடந்தான்.

அவள் கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தாள். கைதட்டல் சத்தத்தில் அவருக்கு மட்டும்தான் கேட்டது:

“அந்தத் தண்ணிதாண்ணே என்னைக் காப்பாத்திட்டு இருந்துச்சு.”