சோவாவுக்குச் சொந்தக்காரன்

"சாகிற வரைக்கும் நீதான் ராஜாவா, ராதிம்? இதென்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

வ்லாஸ்தா மேசையைத் தட்டியதில் பீர் தளும்பியது. கல்லூரியில் ராதிமோடு ஒரே பெஞ்சில் படித்தவள். அந்த உரிமை.

செக் நாட்டு பிர்னோ நகரத்து மதுக்கடையில், சோவா என்ற கம்ப்யூட்டர் மொழியின் குழுக் கூட்டம். மொழி இலவசம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் சொல்லலாம். ஆனால் அதை உருவாக்கிய ராதிம் தலையாட்டினால்தான் எதுவும் உள்ளே போகும். அந்த அதிகாரத்தைக் குழுவிடம் கொடு என்று மற்ற ஐந்து பேரும் மல்லுக்கு நின்றார்கள்.

"ஓட்டுக்கு விடுவோம். வழக்கம்போலத்தான்" என்றான் ஓத்தகர்.

அந்த ஊரில் கோப்பை காலியானால் கேட்காமலே அடுத்தது வரும். வேண்டாமென்றால் கோப்பைக்கு அடியில் கிடக்கும் அட்டையை எடுத்து மேலே வைத்து மூட வேண்டும். குழுவிலும் அதே சட்டம்தான். மூடினால் எதிர்ப்பு.

ஐந்து பேர் மூடவில்லை. சர்வர் ஹினெக் சிரத்தையாக ஐந்தையும் நிரப்பிவிட்டுப் போனார். ஜனநாயகத்துக்குத் தாகம் ஜாஸ்தி போலிருக்கிறது.

ராதிம் மூடினான். அவன் மூடினால் முடிந்தது கதை.

"காரணம் சொல்லு" என்றாள் வ்லாஸ்தா.

"சொன்னா உங்களுக்குத்தான் சங்கடம்."

"இத்தனை பேர் புழங்குற மொழி ஒரே ஆள் கையில இருக்கலாமா? நீயே சொல்லு."

"கூடாதுதான். அதனாலதான் மூடினேன்."

"இவனுக்கு மறை கழண்டுபோச்சு" என்று எழுந்தாள் வ்லாஸ்தா. மற்றவர்களும் எழுந்தார்கள்.

வாசலில் கோட்டை எடுக்கும்போதுதான் குழப்பம். ஓத்தகர் மாட்டியது முழங்கையைத் தாண்டவில்லை. வ்லாஸ்தா மாட்டியது தரையைப் பெருக்கியது.

"அது என்னோடது."

"உன்னோடதா? பையில என் சாவி இருக்கு பாரு."

ஹினெக் தலையைச் சொறிந்தார். "அஞ்சும் ஒரே நீலம், ஒரே முத்திரை. நான் எதைன்னு எடுத்துக் கொடுக்கிறது?"

"கம்பெனி கொடுத்தது" என்றாள் வ்லாஸ்தா. குரல் இறங்கியிருந்தது. "ஒவ்வொருத்தரா அஞ்சு பேரும் அந்த ஒரே கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்துட்டோம்."

ராதிம் ஓரத்தில் தொங்கிய தன் பழைய பழுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டான்.

"என்னையும்தான் கூப்பிட்டாங்க. ஆறாவது கோட்டும் நீலமாயிட்டா, மொழி நிஜமாவே ஒரே ஆள் கைக்குப் போயிடுமேன்னு போகல."