மடையான் நின்ற கோலம்

கோடையில் ஏரி வற்றி, நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிக் கிடந்தது. சாயங்கால வெயிலில் மடையான் கொக்கு ஒன்று கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு மீனுக்காகக் காத்து நின்றது. அப்போது கரைக்கு வந்த ஒரு ஆள், புதர் மறைவில் உட்கார்ந்து, நீளக் குழாய் வைத்த கேமராவை அதன் பக்கம் திருப்பினார்.

சேற்று நிறத்தில் பிறந்த மடையானை அதுவரை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அது மெல்லக் கழுத்தை நீட்டி, முகத்தை வெயில் பக்கம் வைத்துக்கொண்டது.

காலடியில் ஒரு கெண்டை வந்தது. பக்கத்துப் பாறையில் சிறகு உலர்த்திக்கொண்டிருந்த நீர்க்காகம் பதறியது. "அண்ணே, மீனு! கொத்துங்கண்ணே!"

"சும்மா இருப்பா. இப்பக் குனிஞ்சா முதுகு கூனலாத் தெரியும்."

"பிள்ளைங்க காலையிலேர்ந்து பசியில கத்துதுங்களே?"

"ஒரே ஒரு போட்டோ. எடுத்து முடிக்கட்டும்."

கெண்டை அதன் கால்களுக்கு நடுவே நிதானமாக உலாவியது. வெயில் இறங்கியது. அந்த ஆள் எழுந்து, பேண்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, போனில் யாரிடமோ சொன்னார். "ஒண்ணும் தேறலைப்பா. மீனைக் கொத்துற நேரம் பார்த்து எடுக்கலாம்னு உட்கார்ந்தேன். அது அசையவே மாட்டேங்குது."

அவர் கரையைத் தாண்டியதும் மடையான் ஒரே கொத்தில் கெண்டையைத் தூக்கியது. மடித்து வைத்திருந்த வெள்ளைச் சிறகுகள் பளீரென விரிந்தன. நீர்க்காகமே வாயைப் பிளந்தது.

வேலமரத்துக் கூட்டில் குஞ்சுகள் கத்தின. மடையானோ கெண்டையை அலகில் பிடித்தபடி, அந்த ஆள் போன பக்கமே திரும்பி, கழுத்தை நீட்டி நின்றுகொண்டிருந்தது.