இருபத்தேழரை அங்குலம்

படகு துறையை நெருங்க நெருங்க ஓவீடுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலடா. அந்தப் பெருசைக் கடாசிட்டு மரியாதையா வீடு போய்ச் சேரலாம்," என்றார் அல்சே. நாற்பது வருடமாக ஒரே படகில் தூண்டில் போடுகிற கூட்டாளி.

பெட்டிக்குள் நான்கு ரெட்ஃபிஷ் மீன்கள். மூன்று இருபது அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய. வம்பு நான்காவதுதான். இருபத்தேழுக்கு மேல் ஒரு நூல் கூடினாலும் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். இது இருபத்தேழரை.

காலையில் அது படகுக்குள் துள்ளியபோதே இருவரும் அளந்தாகிவிட்டது. ஓவீட் அதை ஐஸில் போட்டு மூடியதிலிருந்து அல்சே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த சைஸ் மீனு நார் நாரா இருக்கும், நாய்கூட மோந்து பாக்காதும்பியே? இப்ப என்ன திடீர்னு நாக்கு நீளுது?"

"ஆசையா இருக்கு. விடேன்."

அது பச்சைப் பொய். சனிக்கிழமை சாயங்காலம் ஓவீட் வீட்டுக் கொல்லையில் கரி அடுப்பு மூட்டினால் தெருவே மூக்கை நீட்டும். செதிலைச் சீவாமல் மீனை இரண்டாகப் பிளந்து, செதில் பக்கம் நெருப்பைப் பார்க்க வைத்து, மேலே வெண்ணெயும் பூண்டும் எலுமிச்சையும். வெந்ததும் சதையைக் கரண்டியால் வழித்துத் தின்ன வேண்டும். அந்த அடுப்பில் பெரிய மீன் ஏறியதே இல்லை. இன்றைக்கும் மகள் சிமோனும் மருமகன் கெர்பியும் சாப்பிட வருகிறார்கள்.

சிமோன் மீன்வளக் காவலராகி ஐந்து வாரம் ஆகிறது. சொந்த ஊரிலேயே வேலை போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து தூண்டில் இரை விற்கிற கடையில் ஒரே பேச்சு. "ஊரான் பெட்டியத்தான் நோண்டுவா. சொந்தக்காரன் படகு வந்தா பொண்ணுக்குக் கண்ணு மங்கிடும், பாரேன்."

ஓவீட் காதில் விழவே சொன்னார்கள். ஐந்து வாரமாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகளுக்கு அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் இந்த ஊரில் ஆயுசுக்கும் போகாது.

துறையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். வழக்கமாகக் கயிறு கட்டுவதற்குள் கிண்டல் ஆரம்பித்துவிடும். இன்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வேடிக்கைக்குக் காத்திருக்கிறானுங்க என்று நினைத்துக்கொண்டார் ஓவீட்.

சிமோன் தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டு வந்தாள்.

"நான் பாத்துக்கறேன், நீ தள்ளிக்க," என்றார் கூட நின்ற மூத்த காவலர். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

"பெட்டியைத் திறங்க, சார்."

பெற்ற அப்பனை சார் என்கிறாள். ஓவீட் திறந்தார்.

மூன்று மீனும் தப்பின. நான்காவதின் மூக்கை அளவுப் பலகையின் முனைத் தடுப்பில் முட்ட வைத்தாள். வால் விரிந்தபடி கிடந்தது. சரியாக இருபத்தேழு.

வாலை இரண்டு விரலால் நெருக்கிப் பிடித்துத்தான் அளக்க வேண்டும்; அப்போதுதான் முழு நீளம் தெரியும். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் கை அசையவில்லை.

வாலைப் பிடிடி என்று ஓவீடுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் சொல்லி அவள் பிடித்தால் அது அப்பனின் நேர்மையாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அவர் முகத்தைப் பார்த்த அல்சேவுக்கு அப்போதுதான் விளங்கியது. "அட படுபாவி," என்று முணுமுணுத்தார். "இதுக்குத்தானா?"

சிமோன் வாலைப் பிடித்தாள். இருபத்தேழரை.

"பேரு?"

"ஓவீட் ஃபால்கூ."

அவள் எழுத எழுத ஓவீடுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பார்த்தீங்களாடா என்று துறையை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒருத்தன் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. இரைக் கடைக்காரன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

அபராதச் சீட்டைக் கிழித்து நீட்டியபோது சிமோன் குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த சைஸ் மீனை நீ அடுப்புக்கிட்டயே சேக்க மாட்ட. எனக்குத் தெரியாதாப்பா?"

ஓவீட் அசடு வழிந்தார். "ஊரு வாயை மூடணும்னுதான்..."

"அது காலைலயே மூடியாச்சு. எட்டு மணிக்கு இதே பலகையில கெர்பியோட மீனை அளந்தேன். ரெண்டு மீனுக்கு வாலைக் கத்தரிச்சுட்டு வந்திருந்தான், நீளம் குறையட்டும்னு. எல்லாரும் பாக்கத்தான் சீட்டு எழுதினேன்."

மகளை நம்பாதவர்கள் பட்டியலில் தானும் இருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் ஓவீடுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

அவள் பேனாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. மறுபடி அழுத்தினாள்.

"துணிமணியை எடுத்துட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டான். சாயங்காலம் எனக்கு மட்டும் அடுப்பு மூட்டுப்பா."

அடுத்த படகு வந்துகொண்டிருந்தது. அவள் பலகையைக் கழுவப் போனாள்.