தனி அடுப்பு

“இவ கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்! எனக்குத் தனி அடுப்பு, தனிக் கார்டு. எழுதுங்கம்மா!” ஆவுடையம்மாள் மேசையில் அடித்த அடியில் பேப்பர் வெயிட் உருண்டு தரையில் விழுந்தது.

“நானும் அதத்தான் சொல்லுதேன். இவியகூட ஒரு நிமிசம் இருக்க ஏலாது!” பக்கத்தில் நின்ற மருமகள் செல்லத்தாய் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

வட்ட வழங்கல் அதிகாரி தங்கபாய்க்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றலாகி வந்த கையோடு அவள் போட்ட புது உத்தரவுக்கு இந்த மாமியாரும் மருமகளும்தான் முதல் சோதனை.

அதுவரை வழக்கம் வேறு. ஒரு குடும்பம் பிரிந்து தனி ரேஷன் கார்டு கேட்டால், ஆபீசிலிருந்து ஒருவர் போய் வீட்டில் இரண்டு அடுப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். இருந்தால் கார்டு. கார்டுக்குக் கார்டு சீனியும் மண்ணெண்ணெயும் தனி என்பதால், பக்கத்து வீட்டு அடுப்பை இரவல் வாங்கி வைத்துக் காரியத்தை முடித்தவர்கள் ஊரில் ஏராளம்.

“இனிமே அடுப்பைப் பார்க்க வேண்டாம். ஆளைக் கூப்பிட்டு விசாரிச்சு முடிவு பண்ணுவோம்” என்று சொல்லிவிட்டாள் தங்கபாய். ஒரு முத்திரையைக் குத்தி ஒரு குடும்பத்தை உடைத்த பாவம் தனக்கு வேண்டாம் என்று அவளுக்குக் கவலை.

“ஒவ்வொருத்தர் கதையாக் கேட்டா கியூ தேரடிக்குப் போயிரும்மா” என்று முகத்தைச் சுளித்தார் தலைமை எழுத்தர் சங்கரலிங்கம். இந்த முதல் விசாரணை சொதப்பினால் மறுபடியும் அடுப்பை எண்ணப் போக வேண்டியதுதான்.

“சண்டை போடாம சொல்லுங்க. என்ன பிரச்சினை?” என்று இருவரையும் பார்த்துக் கேட்டாள் தங்கபாய்.

“ராஜபாளையம் மில்லுல ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வாரேன். செத்த நேரம் கண்ணசரலாம்னா, இவிய தலைமாட்டுல உக்காந்து அம்மியில அரைக்காவ!”

“அரைக்காம? தொவையல் இல்லாம எம்மவன் சோத்துல கை வைக்க மாட்டானே!”

“மருமக தூங்கி எந்திரிச்ச பிறகு அரைச்சுக்கோங்களேன்” என்றாள் தங்கபாய்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அரைச்சுக்கிடலாம்...” என்று இழுத்தாள் ஆவுடையம்மாள்.

ஒன்று தீர்ந்தது! தங்கபாய்க்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அடுத்து?”

“அடுத்து... வந்து...” செல்லத்தாய் திருதிருவென்று விழித்தாள்.

“ஏட்டி, கறிக்கொழம்பு விசயத்த விட்டுட்டியே!” என்று சீறினாள் மாமியார். தன் குற்றத்தைச் சொல்லும்படி தானே சவால் விடுகிறாளே, என்ன நெஞ்சழுத்தம் என்று தங்கபாய் மலைத்துப்போனாள்.

“ஆமாம்மா! கறி எடுத்தா அம்புட்டும் தூக்குச்சட்டியில கிருஷ்ணன்கோவில் ஊர்ல இருக்க இவிய மவ வீட்டுக்குப் போயிரும். எனக்கு வெறுஞ்சாறு!”

“இனிமே கறி எடுக்கிற அன்னைக்கு மருமகதான் பரிமாறணும்.”

“ஆடிப்பூரத்துக்கு மவளுக்குச் சேலை, எனக்கு ரவிக்கைத் துணி!”

“அடுத்த ஆடிக்கு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சேலை, ஒரே நிறம்!”

சண்டை ஏற ஏறத் தீர்ப்பும் சுடச்சுட வந்தது. வெளியே நின்றவர்கள் தங்கள் மனுவை மறந்து வாசலில் முண்டியடித்தார்கள். “அப்படிப் போடுங்கம்மா!” என்று யாரோ குரல் கொடுத்தார்.

சங்கரலிங்கம் மட்டும் குனிந்து, “நெசமான சண்டைதாம்மா. கார்டக் குடுத்து அனுப்பிருவோம்” என்று கிசுகிசுத்தார். தங்கபாய் காதில் வாங்கவே இல்லை.

கடைசியில் குறை சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. மாமியாரும் மருமகளும் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார்கள். தங்கபாய் தன் செலவில் பால்கோவா வரவழைத்து, ஒருவருக்கொருவர் ஊட்டிவிடச் சொன்னாள். அவர்கள் ஊட்டிக்கொண்டபோது வாசலில் கைதட்டல் அதிர்ந்தது.

“அப்ப... கார்டு?” என்று மெதுவாகக் கேட்டாள் ஆவுடையம்மாள்.

“ஒத்துமையான வீட்டுக்கு எதுக்கு ரெண்டு கார்டு? மனு தள்ளுபடி!” என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டாள் தங்கபாய்.

அவ்வளவுதான். இருவர் கண்ணிலிருந்தும் பொலபொலவென்று நீர் கொட்டியது. அதைப் பார்த்து தங்கபாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு வேலை கிடைத்த அன்றுகூட வந்ததில்லை.

“பார்த்தீங்களா சார்? அடுப்பு இப்படி அழுமா?” என்றாள்.

தான் சேர்த்துவைத்த குடும்பம் படியிறங்கிப் போகும் அழகைப் பார்க்க, ஜன்னலுக்கு ஓடினாள் தங்கபாய்.

வேப்பமரத்தடியில் விம்மிக்கொண்டிருந்த மருமகளை மார்போடு அணைத்து, கண்ணைத் துடைத்துவிட்டாள் ஆவுடையம்மாள்.

“அழாத தாயி. இந்தம்மா மாத்தலாகிப் போகட்டும், இதவிட நல்லாச் சண்டை போடுவோம்!”