அடுப்பு வைத்த கூடாரம்

மலைச்சரிவில், ஊசியிலை மரங்களுக்கு நடுவே புகை தெரிந்தது. லோவல் நின்று மூக்கை உறிஞ்சினார். காய்ந்த விறகு வாசனை, கூடவே இறைச்சி வேகும் வாசனை. அப்படியானால் ஆள் உள்ளேதான் இருக்கிறான்.

அக்டோபர் பிறந்துவிட்டால் லோவலுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. அமெரிக்காவின் மொன்டானா மலைகளில் அதுதான் வேட்டை சீசன். ரோட்டை விட்டு ஒரு நாள் நடைக்கு உள்ளே போய்க் கூடாரம் போடுகிறவர்களில் யோக்கியனும் உண்டு, பர்மிட் இல்லாமல் சுடுகிறவனும் உண்டு. எவன் எந்த ரகம் என்று லோவல் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அவர் பிழைப்பே அதுதான்.

பச்சை ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கூடாரத்தை நெருங்கினார்.

"உள்ள யாருங்க? குளிர் தாங்கல. கொஞ்சம் அடுப்புப் பக்கம் உக்காந்துக்கலாமா?"

பனி விழும்போது அடுப்பு கேட்டு வந்தவரை அந்த மலையில் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. கூடாரத்தின் வாசல் திறந்தது. தாடிக்கார இளைஞன் ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"வாங்க சார், வாங்க. என் பேரு புரோடி."

உள்ளே நடுவில் ஒற்றைக் கம்பு, சுற்றிலும் மெல்லிய நைலான் துணி. தரையில் விரிப்புக்கூடக் கிடையாது. மெல்லிய டைட்டானியத் தகட்டில் செய்த குட்டி அடுப்பு கணகணவென்று எரிந்தது. அதன் மேல் ஒரு பாத்திரம் கொதித்தது.

"அடேங்கப்பா! என்ன எடை தம்பி இது?"

புரோடிக்கு முகமெல்லாம் பல். "கூடாரம், அடுப்பு, புகைக்குழாய் எல்லாம் சேத்து ஏழே பவுண்டு சார்! அடுப்பைப் பிரிச்சுப் பேப்பர் மாதிரி சுருட்டிடலாம். எடை கூடுதேன்னு டூத் பிரஷ் காம்பையே பாதியா ஒடிச்சுட்டேன்னா பாத்துக்கோங்க!"

"கூடவே ரெண்டு பல்லைப் பிடுங்கியிருந்தா இன்னும் குறைஞ்சிருக்குமே."

புரோடி சிரித்தான். சிரிப்போடு சிரிப்பாக அவருடைய சின்னப் பையைப் பார்த்தான். "உங்க கூடாரம் எங்க சார்?"

"நான் எதுக்குத் தம்பி சுமக்கணும்? போற இடத்துல அதுவா அமையும்."

புரோடியின் சிரிப்பு நின்றது. கூடாரம் இல்லை, துப்பாக்கி இல்லை, பச்சை ஜாக்கெட் மட்டும். சீருடையைக் கழற்றிவைத்துவிட்டு மலையேறி வரும் வனவிலங்கு அதிகாரிகளைப் பற்றி வேட்டைக்காரர்கள் எல்லோருமே கேள்விப்பட்டிருக்கிறார்கள். அவன் மண்டைக்குள் ஓடியது லோவலுக்கு அப்படியே தெரிந்தது.

"வேட்டையில ஏதாச்சும் கெடச்சுதா?" என்றார் சாவகாசமாக.

"இ... இல்ல சார். கண்ணுலயே படல."

"அப்ப பாத்திரத்துல வேகுறது?"

"வீட்லேருந்து கொண்டு வந்த கறி சார்."

"டூத் பிரஷ்ஷையே ஒடிச்ச ஆளு, வீட்லேருந்து கறியச் சுமந்துட்டு வந்தீங்களாக்கும்!"

லோவல் அடுப்பில் கையைக் காட்டியபடி பெருமூச்சு விட்டார். "போன வருசம் இப்படித்தான் ஒருத்தன், பர்மிட் இல்லாமச் சுட்டுட்டான். துப்பாக்கி போச்சு, வண்டி போச்சு, இப்ப ஜெயில்ல கெடக்கான். பாவம், வயசுப் பையன்."

"வெ... வெறகு எடுத்துட்டு வந்துடறேன் சார்."

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு புரோடி வெளியே பாய்ந்தான். வாசலிலேயே, தார்ப்பாய்க்கு அடியில், ஒரு வாரத்துக்கு வேண்டிய விறகு அடுக்கியிருந்தது. அதைத் தாண்டிக் குதித்துக் கீழ்நோக்கி ஓட்டமாக ஓடினான்.

லோவல் துரத்தவில்லை. அவன் இனி இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அடுப்பில் இரண்டு கட்டையைச் செருகினார். பாத்திரத்தை இறக்கி, கரண்டியைத் தேடி எடுத்தார். கறி பூவாக வெந்திருந்தது. பையன் சமையலில் கெட்டிக்காரன்தான்! வெளியே பனி வலுத்து, வந்த தடமும் போன தடமும் மூடிப்போயின.

பாதிப் பாத்திரம் காலியானபோது வாசல் துணி விலகியது. பனி படிந்த தொப்பியோடு ஒரு பெண் குனிந்து உள்ளே பார்த்தாள். சட்டையில் வனவிலங்குத் துறை பேட்ஜ்.

"சாப்பிடுற நேரத்துல வந்துட்டேனா? கூடாரம் உங்களுதா?"

"நம்மளுதுதான் மேடம்." லோவல் கொஞ்சமும் தடுமாறவில்லை. "ஏழே பவுண்டு. அடுப்பைப் பேப்பர் மாதிரி சுருட்டிடலாம்."

"கூட யாராச்சும் வந்திருக்காங்களா?"

"யாருமில்ல. ஒண்டிக்கட்டைதான்."

"ரொம்ப நல்லதாப் போச்சு." அவள் உள்ளே வந்து, பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து கைவிலங்கை எடுத்தாள். "கரடி வரக்கூடாதுன்னு சுட்ட கடாவை நல்லாத் தள்ளி மரத்துல கட்டித் தொங்கவிட்டிருக்கீங்க. காக்கா கூட்டம்தான் காட்டிக் குடுத்துடுச்சு. இந்த மலையில காட்டுச் செம்மறிக் கடா சுட இந்த வருசம் ஒருத்தருக்கும் பர்மிட் கெடையாது சார். அந்தக் கறியை வேற தின்னுட்டு இருக்கீங்க. கையை நீட்டுங்க."

லோவல் பாத்திரத்தைத் தள்ளி வைத்தார்.

"ஐயோ மேடம், சத்தியமா இது என் கூடாரமே இல்ல! வேட்டைக்காரங்களை மெரட்டி ஓட விட்டுட்டு அவங்க கூடாரத்தைச் சுருட்டிட்டுப் போற சாதாரணத் திருடன் மேடம் நான், நம்புங்க!" என்று பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஓர் அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிக் கதறினார் லோவல்.